முனியாண்டி வளைவில் நிற்கும் கார்

கராஜ் தொழில்ல, ஒடஞ்சு வர்ற வண்டிய பாத்து யாரும் பயப்படுறதில்ல; நல்லா ரிப்பேர் பண்ணி அனுப்புனதுக்கப்புறம் அதே நோயோட திரும்பி வருதே, அந்த வண்டிய பாத்தா தான் பயம். ரேடியோ, டிவி ரிப்பேர் பாக்குறவங்க, தையல் மெஷின் பாக்குறவங்க, ஒரே பெருக்கல் கணக்க ஒரே புள்ளைக்கு நாலு வருஷமா சொல்லிக் குடுக்குற டீச்சர்மாருங்க, உங்களுக்கெல்லாம் நான் என்ன சொல்றேன்னு புரியும். மத்தவங்க சும்மா சிரிச்சிட்டுப் போங்க.

பதுளையில, பசறைக்குப் போற ரோட்டுல எனக்கு சின்னதா ஒரு கராஜ் இருக்கு. எங்க பக்கம் மெக்கானிக்க 'பாஸ்'னு தான் கூப்பிடுவாங்க. கேக்குறதுக்கு பெரிய மரியாதை மாதிரி இருக்கும், ஆனா நாள் முழுக்க வண்டிக்கு அடியில மல்லாந்து கெடக்குறது அந்த பாஸ் தான். வெலிமடையிலேர்ந்து கெழங்கு ஏத்திக்கிட்டு வர்ற லொறி, எல்லவுக்கு வெள்ளக்காரங்கள ஏத்திக்கிட்டுப் போற வேன்னு இருபத்திரெண்டு வருஷமா எல்லாத்தையும் பாத்தாச்சு. என் மானத்த வாங்குனது ஒரு சின்ன வெள்ளக் காரு. அதப் பத்தித் தான் சொல்லப் போறேன்.

எங்கயும் வருவாரு

மாரிமுத்தண்ணன் நமுனுகுலப் பக்கம் ஒரு தோட்டத்து ஃபெக்டரியில வாச்சரா இருந்து ரிட்டயர் ஆனவரு. வந்த காசுல ஒரு பழைய ஓட்டோ கியர் காரு வாங்கி, அறுபத்தொரு வயசுல ஓட்டவும் பழகிட்டாரு. காரு வாங்குனதுக்கு ஒரே ஒரு காரணம், அவரு மக ராணி. தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்துச்சு அந்தப் புள்ள. ராணி பொறந்த கதை அந்தப் பக்கத்துல எல்லாருக்கும் தெரியும். அது அம்மாவ டவுன் ஆஸ்பத்திரிக்கு கொண்டு போற வழியில, கொழுந்து லொறியில, தேயிலைக் கொழுந்து சாக்குக்கு நடுவுல பொறந்துருச்சு. அன்னைலேர்ந்து அதுக்கு 'லொறி ராணி'ன்னு பேரு. பள்ளிக்கூடத்துலயும் அப்படித்தான், கல்யாணக் கார்டு குடுக்கப் போன வீட்லயும் அப்படித்தான். எம் புள்ளைக்கு அந்த மாதிரி ஒரு பேரு வரக்கூடாது, நான் காருல தான் போவேன்னு ராணி ஒரேயடியா சொல்லிருச்சு.

அந்தக் காரு தான் என்கிட்ட வந்துச்சு. ஓடும்போது நல்லா ஓடுது, ஆக்சிலேட்டர்லேர்ந்து கால எடுத்து நிறுத்தி வச்சா எஞ்சின் தானா செத்துப் போகுது. எங்க நிக்குதுண்ணேன்னு கேட்டா, தோட்டத்துக்குக் கீழ வளைவுல இருக்குற முனியாண்டி முன்னாடி தான் நிக்குது, வேற எங்கயும் நிக்கிறதில்லன்னாரு. எனக்கு சிரிப்பு வந்துருச்சு. அந்த வளைவுல பஸ், த்ரீவீல், லொறி எல்லாமே நின்னு சூடம் கொளுத்திட்டுத் தான் போகும். சாமி முன்னாடி எஞ்சின அணைக்கக் கூடாதுங்கிறது டிரைவர்மாருங்க கட்டுப்பாடு. பாக்கி ரோடு முழுக்க ஒண்ணு ஏத்தம், இல்ல இறக்கம். வண்டி நின்ன எடத்துல சும்மா ஓடுறது அங்க மட்டும் தான், அதான் அங்க நிக்குதுன்னு வெளக்கி, காரை என் கராஜ்லயே ஸ்டார்ட் பண்ணி விட்டேன். ரெண்டு நிமிஷம் நடுங்குச்சு, அப்புறம் பட்டுனு நின்னுச்சு. இங்க முனியாண்டி இல்லையேண்ணேன்னு நான் ஜெயிச்ச மாதிரி கேட்டேன். அவரு கராஜ சுத்தி ஒரு பார்வ பாத்துட்டு சொன்னாரு: "இருக்கலாம் பாஸ். அவரு எங்க வேணும்னாலும் வருவாரு."

பெட்டியில இல்லாத பார்ட்

காரணம் லேசானது தான். எஞ்சினுக்கு காத்துப் போற குழாய்க்குள்ள சின்னதா ஒரு கதவு இருக்கும். வருஷக்கணக்குல கரி புடிச்சு அதோட ஓரம் அடைச்சுப் போனா, கால எடுத்ததும் எஞ்சினுக்கு மூச்சு முட்டும். ரப்பர் குழாய கழட்டி, கரிய சுத்தம் பண்ணி, மாரிமுத்தண்ணனையும் கிட்டக் கூப்பிட்டு, எஞ்சின் மூச்சு விடுறது இந்த வாய் வழியாத் தாண்ணேன்னு பெருமையா காட்டுனேன். அந்த நேரத்துல என் வாய அடைச்சிருந்தா இந்தக் கதையே இல்ல. காரு பூனைக்குட்டி மாதிரி ஓடிப் போச்சு.

அஞ்சாவது நாள் அதே காரு அதே நோயோட வந்து நிக்குது. குழாயக் கழட்டிப் பாத்தா உள்ள சாம்பல் நெறத்துல பசை மாதிரி ஏதோ அப்பிக் கெடக்கு. தோட்டத்து ரோட்டு மண்ணுன்னு நெனச்சேன். மெத்தப் படிச்சவன் மாதிரி புது ஃபில்டர், புது ப்ளக் எல்லாம் போட்டேன். ஆறு நாள் கழிச்சு திரும்பவும் வந்துச்சு. அப்புறம் கம்ப்யூட்டர் ஸ்கேனர இரவல் வாங்கிப் பாத்தேன். ஒண்ணுமே இல்ல, வண்டி சுகமா இருக்குன்னு காட்டுது. பஜார்ல பார்ட்ஸ் கடை வச்சிருக்கிற நவ்ஷாத் நானாகிட்ட போய் நின்னேன். இந்தக் காருக்காக நான் அவரு கடைக்கு வர்றது நாலாந்தடவ. என்னாத்துக்கு இத்தன சாமான்னு கேட்டாரு. வளைவு, சூடம், நிக்கிற எடம்னு முழுக் கதையையும் சொன்னேன். மனுஷன் பொறுமையா கேட்டு, டீ வரவழைச்சுக் குடுத்து, கடைசியா சொன்னாரு: "முப்பது வருஷமா பார்ட்ஸ் விக்கிறேன் பாஸ். எந்தப் பெட்டியிலயும் இந்த நோய்க்கு பார்ட் நம்பர் இல்ல."

காருக்கு வந்த மஞ்சத்தண்ணி

இதுக்குள்ள தோட்டத்துல, காருக்கு முனி புடிச்சிருச்சுன்னு கத கட்டிட்டாங்க. வரிசை வீட்டு லயம் ஒவ்வொண்ணுக்கும் ஒரு டாக்டர். எலுமிச்சம்பழத்த டயருக்கு அடியில வைன்னு ஒருத்தர், காரத் திருப்பி தெக்குப் பாத்து நிறுத்துன்னு இன்னொருத்தர். பழைய கங்காணி ஒருத்தர், காருக்கு மஞ்சத்தண்ணி ஊத்துனா திருஷ்டி போயிரும்னாரு. மாரிமுத்தண்ணன் வெளிய ஊத்துனா பத்தாதுன்னு பொனட்டத் தொறந்து எஞ்சின் மேலயே ரெண்டு வாளி ஊத்திட்டாரு. பெறகு காரு ரெண்டு நாளைக்கு கெளம்பவே இல்ல. கெளம்புனதும் நேரா என்கிட்ட தான். பொனட்டத் தொறந்தேன், உள்ள முழுக்க கல்யாணப் பொண்ணு மாதிரி மஞ்ச.

அன்னிக்கு ராணியும் கூட வந்திருந்துச்சு. ஸ்டூல்ல உக்காந்து, மூச்சு வாங்கிக்கிட்டு, நான் எஞ்சினத் தொடைக்கிறத பாத்துக்கிட்டு இருந்துச்சு. டாக்டர் குடுத்த நாளுக்கு இன்னும் மூணு வாரம் தான். தோட்டத்துல வேற வாகனம்னா அந்தக் கொழுந்து லொறி மட்டும் தான், டவுன்லேர்ந்து ஒண்ணக் கூப்பிட்டா வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆகும். எனக்கு அந்தப் புள்ள மொகத்த பாக்கவே வெக்கமா இருந்துச்சு. இருபத்திரெண்டு வருஷத் தொழில், ஒரு சின்னக் காரை சும்மா நிக்க வச்சு ஓட்ட முடியலையேன்னு என் மேலயே ஆத்திரமா வந்துச்சு. இந்தத் தடவ கட்டாயம் சரியாயிரும்மான்னு நான் இழுத்தேன். அது அமைதியா சொல்லுச்சு: "எனக்கு முன்னாடியே காருக்கு வளைகாப்பு போட்டாச்சு பாஸ். நீங்க அதுக்கு பிரசவம் பாத்து முடிக்கிறதுக்குள்ள எனக்கு வந்துரும்."

பக்கத்து சீட்டுல

அந்த வார்த்தைக்கப்புறம் எனக்கு சோறு எறங்கல. சனிக்கிழம கராஜ மூடிட்டு, மாரிமுத்தண்ணன் பக்கத்துல ஏறி உக்காந்துட்டேன். எங்க நிக்குதோ அங்க என் கண்ணால பாக்கணும். பதுளையிலேர்ந்து வளைவு வரைக்கும் வண்டி தங்கமா வந்துச்சு. வளைவுல நிறுத்துனாரு. எஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கு, ஒரு நடுக்கம் இல்ல. எறங்கிப் போய் சூடம் கொளுத்தி, கும்புட்டு, கை நெறைய விபூதியோட திரும்பி வந்தாரு. வந்து நெத்தியில பூசிக்கிட்டாரு, எனக்கும் பூசுனாரு. அப்புறம் பொனட்டத் தொறந்தாரு.

எதுக்குன்னு நான் எறங்கிப் போய் எட்டிப் பாக்குறேன், மனுஷன் எஞ்சின் மூடி மேல பட்டையா மூணு கோடு இழுத்தாரு. சரி, அதுல ஒண்ணும் கொறஞ்சு போகாது. அடுத்தாப்புல ரப்பர் குழாயோட க்ளிப்ப ஸ்க்ரூட்ரைவரால லாவகமா தளத்தி, நான் எப்படிக் கழட்டுவேனோ அச்சு அசலா அப்படியே கழட்டி, எஞ்சினோட வாயில ஒரு சிட்டிக விபூதிய போட்டாரு. எஞ்சின் ரெண்டு தரம் இருமுச்சு. நடுங்குச்சு. செத்துச்சு. நான் சுத்தம் பண்ணிக் குடுக்குற ஒவ்வொரு தடவையும், அவரு நாள் தவறாம இத செஞ்சிருக்காரு. மூச்சு விடுற வாய காட்டிக் குடுத்தது நான். நான் பசை பசையா வழிச்சு எறிஞ்சது ரோட்டு மண்ணில்ல, சாமி பிரசாதம். மாரிமுத்தண்ணன் கையத் தட்டிக்கிட்டு, கடைசியில ஒரு சாட்சி கெடச்ச சந்தோஷத்துல என்னப் பாத்து சொன்னாரு: "பாத்தீங்களா பாஸ்? சரியா இந்த எடத்துல தான்."

பூசாரிகிட்ட பேச்சுவார்த்த

சொன்னா கேக்கணுமே. எஞ்சினுக்கு சாம்பல் ஆகாதுண்ணேன்னு அரமணி நேரம் கத்துனேன். அவருக்கு நான் சொல்றது புரியுது, ஆனா பயம் விடல. மக நெறமாசம், இந்த நேரத்துல சாமிக்கு செஞ்சுக்கிட்டு வந்தத பாதியில நிறுத்துனா ஏதாச்சும் ஆயிருமோன்னு கலங்குறாரு. அவரு கண்ணு கலங்குனத பாத்ததும் என் கோவம் எங்க போச்சுன்னே தெரியல. எனக்கும் ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்காங்க.

அதனால ரெண்டு பேருமா அந்தக் கோயில் சின்னையா பூசாரிகிட்டயே போனோம். மொதல்ல பூசாரிக்கு ரோஷம் வந்துருச்சு. அவரு விபூதி சுத்தமான பசுஞ்சாண விபூதி, அத சாப்பிட்டு எத்தனையோ புள்ளைங்களுக்கு காய்ச்சல் எறங்கியிருக்கு, ஒரு எஞ்சினுக்கு ஒத்துக்காதான்னு கேட்டாரு. எஞ்சினுக்கு நாக்கு இல்ல சாமி, ருசி தெரியாதுன்னு நான் கெஞ்சுனேன். கடைசியில, பின்பக்கம் டிக்கியில பூசுனா போதும்னு முடிவாச்சு. மாரிமுத்தண்ணனுக்கு அதுலயும் ஒரு சந்தேகம். எஞ்சின் முன்னாடி இருக்கு, விபூதிய பின்னாடி பூசுனா சாமி எப்படி எஞ்சின பாத்துக்குவாருன்னு கேட்டாரு. பூசாரி அவர மேலயும் கீழயும் பாத்துட்டு சொன்னாரு: "டிக்கியில பூசுனாலும் முனியாண்டிக்கு எஞ்சின் எங்க இருக்குன்னு தெரியும். ஒனக்குத் தான் தெரியல."

பத்து மணி ஃபோன்

இந்தத் தடவ எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டு கழுவுனேன். குழாயோட க்ளிப்பு மேல கம்பி சுத்தி முறுக்கி, யாரும் கழட்ட முடியாதபடி பண்ணிட்டேன். காரு ஓடுற சத்தம் காதுல விழல. எஞ்சின் மேல ஒரு க்ளாஸ் பால் ஊத்தாத ப்ளேன்ட்டி வச்சேன், ஒரு துளி சிந்தல. அவ்வளவு சுத்தமா வேல பாத்தேன்.

காரக் குடுத்து பதிமூணாம் நாள், காலையில பத்து மணி இருக்கும். கெழங்கு லொறிக்கு அடியில கெடக்கும்போது ஃபோன் வந்துச்சு. மாரிமுத்தண்ணன். ராணிக்கு வலி வந்துருச்சாம், அம்மாவும் மகளும் பின் சீட்டுல இருக்காங்களாம். வளைவுல ஒரு நிமிஷம் நிறுத்தி சூடம் கொளுத்திட்டு வந்து உக்காந்தா வண்டி செத்துப் போச்சாம். செவப்புல பெட்டரி லைட்டு எரியுதாண்ணேன்னு கேட்டேன், எஞ்சின் நின்னிருந்தா அது எரியணும். ஒண்ணுமே எரியல பாஸ், எல்லாம் அணைஞ்சு போச்சுன்னு அழுவுறாரு. ஐயோ, லைட்டு எரியலன்னா எஞ்சின் ஓடிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். நடுங்கி நடுங்கியே நின்ன காரு இப்ப சத்தமில்லாம நிக்குது, மக வலியில துடிக்கிற பதட்டத்துல அத இந்த மனுஷன் செத்துப் போச்சுன்னு நெனச்சிருக்காரு. கீயத் தொடாதீங்கன்னு நான் சொல்ல வாயத் தொறக்கவும், ஃபோன்ல 'கர்ர்ர்'னு ஒரு சத்தம் வரவும் சரியா இருந்துச்சு. ஓடுற எஞ்சின திரும்ப ஸ்டார்ட் பண்ணுனா, ஸ்டார்ட்டர் மோட்டரோட பல்லு தெறிச்சுப் போகும். பயந்து போய் கீய அணைச்சுட்டாரு. அதுக்கப்புறம் திருப்பத் திருப்ப 'டக்'குங்கிற சத்தம் மட்டும் தான். ஓட்டோ கியர் வண்டி, தள்ளியும் ஸ்டார்ட் பண்ண முடியாது. நல்லா ஓடிக்கிட்டிருந்த கார, மகளுக்கு வலி வந்த நேரத்துல, வளைவுல வச்சு கொன்னாச்சு.

ஃபோன் அப்படியே ஓடிக்கிட்டு இருக்கு, எனக்கு எல்லாம் கேக்குது. பின்னாடி கொழுந்து லொறி வந்து நின்னுச்சு. டிரைவரும் சாக்கு ஏத்துற ஆளுங்களும் எறங்கி வந்து, சாக்க ஒதுக்கி எடம் பண்றோம், சீக்கிரம் தூக்குங்கன்னு சொல்றாங்க. ராணியோட அம்மா எறங்கிட்டாங்க. மாரிமுத்தண்ணன், வாம்மா வாம்மான்னு கெஞ்சுறாரு. வலியில பல்லக் கடிச்சுக்கிட்டு ராணி சொன்னது எனக்கு தெளிவா கேட்டுச்சு: "நான் எறங்க மாட்டேன். கார லொறியில கட்டி இழுங்க."

வார்டுல

இறக்கத்துல கயிறு கட்டி இழுக்குறது எவ்வளவு பைத்தியக்காரத்தனம்னு உங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல. எஞ்சின் ஓடலன்னா ப்ரேக்கு பெடல் மிதிக்க முடியாம கல்லு மாதிரி இறுகிரும். கீய போட்டே வைங்க, இல்லாட்டி ஸ்டியரிங் பூட்டிக்கும்னு ஃபோன்ல கத்திட்டு, மோட்டர் சைக்கிள எடுத்துக்கிட்டு பறந்தேன். பாதி வழியில எதுக்க வந்தாங்க. முன்னாடி கொழுந்து லொறி, நடக்குற வேகத்துல. அது பின்னால உபரி டயர் ஒண்ணக் கட்டித் தொங்க விட்டிருக்காங்க, காரு வந்து இடிச்சா படாம இருக்க. பின்னாடி கயித்துல வெள்ளக் காரு, ரெண்டு கையாலயும் ஸ்டியரிங்க இறுக்கிப் புடிச்சுக்கிட்டு மாரிமுத்தண்ணன். டிக்கியில பட்டையா விபூதி. நான் முன்னாடி போய் ஹோர்ன் அடிச்சுக்கிட்டே வழி வெலக்கிக் குடுத்தேன். பஸ்ல போனவங்க, ஏதோ சாமி ஊர்வலம் போல இருக்குன்னு கும்புட்டாங்க. ஆஸ்பத்திரி வாசல்ல எறக்கி, வார்டுக்குள்ள கொண்டு போய் இருபது நிமிஷத்துல பொம்பளப் புள்ள பொறந்துச்சு.

மறுநாள் பாக்குற நேரத்துல, தோடம்பழம் வாங்கிக்கிட்டு கூனிக் குறுகிப் போனேன். வார்டு வாசல்லயே மாரிமுத்தண்ணன் என்னப் புடிச்சுக்கிட்டாரு. சத்தமே இல்லாம ரிப்பேர் பண்ணிக் குடுத்தா மனுஷனுக்கு எப்படித் தெரியும்னு ஒரே சண்ட. நியாயம் தான். உள்ள போய், மன்னிச்சிரும்மா, கடைசி நேரத்துல காரு ஓடலையேன்னேன். ராணி புள்ளய என் பக்கம் திருப்பிக் காட்டிட்டு சொல்லுச்சு: "எம் மக காருல தான் வந்தா பாஸ். எஞ்சின் ஓடுச்சா இல்லையான்னு யாரு கேக்கப் போறா."

இப்பல்லாம் எந்த வண்டிய சரி பண்ணிக் குடுத்தாலும், சொந்தக்காரர டிரைவர் சீட்டுல உக்கார வச்சு, அவரு கைய எஞ்சின் மேல வச்சு, இது ஓடிக்கிட்டு தாங்க இருக்குன்னு மூணு தடவ சொல்லி அனுப்புறதும் என் தொழில்ல சேந்துருச்சு.